அந்த வாளி எங்க மாப்ளே?

(விருதுநகரில் ஒளிப்படம் எடுக்கும் தோழர்களும் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



நான் வங்கியில் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்து பேசிப் பழகினவன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசை நிற்கும், சுருக்கமாகப் பேசினால்தான் நகரும். கவிதையும் எனக்கு அப்படித்தான் வருகிறது. நீங்கள் ‘ஒளிப்படமும் விமர்சனமும்’ என்று பெரிய தலைப்பாகப் போட்டு அரை மணி நேரமும் கொடுத்திருக்கிறீர்கள். என்னிடம் இருப்பது ஒரே ஒரு படத்தின் கதை. அதைச் சொல்லிவிட்டு, வழியில் தட்டுப்படுகிறதையும் சொல்கிறேன்.

பண்டிகை முன்பணம் வாங்கி ஒரு பழைய கேமரா வாங்கினேன். கொஞ்ச நாளில் ஒரு ஒளிப்படக் குழுவில் சேர்ந்தேன். ஊர் பேர் வேண்டாம். டாக்டர் ஒருத்தர், ஜவுளிக்கடைக்காரர், ஓய்வுபெற்ற பேராசிரியர், ஸ்டுடியோ வைத்திருக்கிறவர் என்று பத்துப் பன்னிரண்டு பேர். நல்ல மனுசங்கதான், டீ செலவைக்கூட என்னைக் கொடுக்க விடமாட்டார்கள். மாதம் ஒரு ஞாயிறு கூடுவோம். ஒவ்வொருவர் படமாகத் திரையில் போடுவார்கள். எல்லாரும் கருத்துச் சொல்லி முடிக்கிற வரைக்கும் படம் எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது, அது சட்டம். நல்ல சட்டம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். எடுத்தவன் விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் படம் செத்துப்போகும்.

நான் கொண்டு போன படம் என் மாமா முறையில் ஒருவருடையது. பயர் ஆபீஸில் வேலை. இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூர்த் தோழர்களுக்காகச் சொல்கிறேன்: எங்களுக்குப் பட்டாசுத் தொழிற்சாலையும் ஆபீஸ்தான், தீப்பெட்டித் தொழிற்சாலையும் ஆபீஸ்தான். எங்கள் சின்னம்மா பத்து வயதில் விடியக்காலை இருட்டோடு பஸ் ஏறிப் போய்க் கட்டை அடுக்கினதும் ஆபீஸில்தான். நான் வங்கி வேலைக்குப் போனபோது தெருவில் ஒரு பாட்டி, “நம்மள்ல முத முதலா வெடிக்காத ஆபீஸுக்குப் போறவன்” என்று சொன்னது.

உள்ளே கேமரா விடமாட்டார்கள். விடவும் கூடாது, ஒரு பொறி போதும். வேலிக்கு வெளியே நின்று நீள லென்ஸில் எடுத்தேன். மாமா கொட்டகை வாசல் நிழலில் உட்கார்ந்திருக்கிறார். உடம்பெல்லாம் அலுமினியப் பொடி. கை, கழுத்து, புருவம் எல்லாம் வெள்ளி. சாய்வெயில் பட்டுக் கோயில் சிலை மாதிரி இருக்கிறார். சிவகாசிப் பக்கம் கேமராவோடு வருகிற எல்லாருக்கும் இந்த வெள்ளி மனிதன் மேல் ஒரு கிறுக்கு உண்டு. எனக்கும் இருந்தது.

குழுவில் படத்தைப் போட்டதும் ஒரு நிமிசம் சத்தமே இல்லை. பிறகு ஆரம்பித்தார்கள். “என்னா வெளிச்சம்!” “கையில உள்ள ரேகை கூடத் தெரியுது.” அப்புறம் ஸ்டுடியோக்காரர் சொன்னார்: “இடது பக்கம் அந்தச் செவப்பு வாளிக கண்ணை இழுக்குது. அதை வெட்டிருங்க. ஆள் மட்டும் இருந்தாப் போதும்.” எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் பார்த்தேன். தொழில் தெரிந்தவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. வெள்ளியும் இருட்டுமாக இருக்கிற படத்தில் சிவப்பு உறுத்தத்தான் செய்தது. வீட்டுக்குப் போய் வெட்டிவிட்டேன்.

வெட்டின படத்தைப் போட்டிக்கு அனுப்பினேன். சலூன் என்று அதற்குப் பேர், பிரெஞ்சுக்காரன் ஓவியக் காட்சிக்கு வைத்த பெயர். மூன்று நடுவர்கள், ஆளுக்கொரு பொத்தான், ஒரு படத்துக்குச் சில விநாடிகள். மூன்று மார்க்கையும் கூட்டி, கோட்டுக்கு மேலே வந்தால் ஏற்பு. எடுத்தவன் பெயர் நடுவருக்குத் தெரியாது. தோழர்களே, இதை நான் கேலி பேச மாட்டேன். பெயரைச் சொன்னதும் ஊரைக் கேட்டு, ஊரைச் சொன்னதும் தெருவைக் கேட்கிற நாட்டில், என் பெயரும் தெருவும் தெரியாமல் மூன்று பேர் என் படத்துக்கு மார்க் போட்டார்கள். படம் ஏற்கப்பட்டது என்று தகவல் வந்த அன்றைக்கு இருந்த சந்தோசத்தை மறைக்க விரும்பவில்லை. ஆனால் மூடி மறைத்தது என் பெயரைத்தான். படத்துக்குள் உட்கார்ந்திருக்கிறவர் யார் என்பது அவர்கள் அத்தனை பேருக்கும் பார்த்த மாத்திரத்தில் தெரிந்திருக்கும்.

பெரிய அளவில் அச்சுப் போட்டு மாமா வீட்டுக்குக் கொண்டுபோனேன். முதலில் அத்தைதான் வாங்கிப் பார்த்தது. வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, “எங்க இவுக? பொடிதான தெரியுது” என்றது. அப்புறம், “ராத்திரி எண்ணெயப் போட்டுத் தேய்ச்சாலும் இது போகமாட்டேங்குது, பாயெல்லாம் ஒட்டுது. இதப் போயி எடுத்திருக்கியேய்யா. குளிச்சிட்டு வந்த பெறகு எடுக்கக் கூடாதா?”

மாமா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு படத்தின் இடது ஓரத்தில் விரலை வைத்தார்.

“அந்த வாளி எங்க மாப்ளே?”

அழகுக்காக எடுத்துவிட்டேன் என்றேன்.

“நீ எடுக்கையில நான் வேணும்னுதான் அதுக்குப் பக்கத்துல வந்து உக்காந்தேன். அஞ்சு வாளியும் வெறும் வாளி. மண்ணுங் கெடையாது, தண்ணியுங் கெடையாது. படத்துல இருந்தா யார்ட்டயாச்சும் காட்டிக் கேக்கலாமேன்னு நெனச்சேன்.”

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். காப்பாற்ற ஓடினவர்கள், பார்க்கப் போனவர்கள் பலரும் அதில் உண்டு. அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ. வெறும் வாளி என்றால் என்ன என்று மாமாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும், நானும் அந்தத் தெருவில் பிறந்தவன்தான். தெரிந்தும் பன்னிரண்டு பேர் சொன்னதும் வெட்டினேன் பாருங்கள், அங்கேதான் எனக்கு உறைத்தது. வேலிக்கு வெளியே நின்று நான் எடுத்த படத்துக்குள், கோணத்தைத் தீர்மானித்தவர் மாமா. அந்தக் கோணத்தைக் குழு அழித்தது. நான் உடன்பட்டேன்.

நல்லவேளை, கணினியில் முழுப் படம் இருந்தது. வாளியோடு அச்சுப் போட்டுக் கொடுத்தேன். மாமா அதை இன்னும் யாரிடமும் காட்டவில்லை. அவர் அதே வேலையில்தான் இருக்கிறார். காட்டினால் எடுத்தது யார், உட்கார்ந்திருப்பது யார் என்ற கேள்விதான் முதலில் வரும். டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது.

அழகியல் பொதுவானது, சாதிக்கு அப்பாற்பட்டது என்று குழுவில் பேராசிரியர் சொல்லுவார். வெளிச்சம்கூடப் பொதுவானது கிடையாது தோழர். ஒரு காலத்தில் கோடாக் கம்பெனி கலர் படம் கழுவுகிற கடைகளுக்கு ஒரு பெண்ணின் படத்தை அனுப்பும், ‘ஷெர்லி’ அட்டை என்று பேர். வெள்ளைக்காரப் பெண். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. கறுப்பர் முகம் அதில் அப்பிப்போகும். லோர்னா ராத் என்கிற கனடா ஆய்வாளர் இதைத் தோண்டி எழுதியிருக்கிறார். கோடாக்கில் வேலை பார்த்தவர்கள் அவரிடம் சொன்ன விசயம்தான் எனக்குப் பெரிசு. பிலிமை மாற்றும் யோசனைக்குக் கம்பெனியைத் தள்ளியது சாக்லேட் கம்பெனிக்காரர்களும் மர நாற்காலி விற்கிறவர்களும் சொன்ன புகார்களாம். தங்கள் சரக்கின் பழுப்பு நிறங்கள் பிரிந்து தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். கருத்து யார் சொன்னால் கேட்கப்படும் என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

நம் கையில் உள்ள கேமராவும் தன் கண்ணில் படுகிற எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கத்தான் பார்க்கும். வெள்ளையடித்த சுவருக்கு முன்னால் நம்மாள் ஒருத்தரை நிறுத்தினால் அது சுவரைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும், முகம் அடைத்துப்போகும். “முகத்தை வெளுப்பாக்குங்க” என்பார்கள் குழுவில். எங்கள் பெரியப்பா மகன் சிவகாசியில் ஆப்செட் மிசினில் நிற்கிறான், ஏழாவதோடு படிப்பை விட்டவன். கண்ணில் லென்ஸை வைத்து அதே படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “கறுப்பு கறுப்பாத்தான் இருக்கணும்ணே. ஆனா கறுப்புக்குள்ள அடைச்சுக் கெடக்கு, அதத் தொறந்து விடு. மெஜந்தாவும் தூக்கலா இருக்கு.” வருசம் பூராவும் சிவப்பாய்ச் சிரிக்கிற காலண்டர் குழந்தைகளை அச்சடிக்கிறவன் சொன்னது இது. எத்தனையோ ஞாயிறு கிடைக்காத பாடம் அது.

இப்போது நம்ம பக்கத்துக்கு வருகிறேன். கசக்கும்.

நம் கூட்டங்களில் என்ன நடக்கிறது? ஒருத்தர் படத்தைக் காட்டுவார். “வலிய அப்படியே சொல்லுது தோழர்” என்போம். கைதட்டுவோம். முடிந்தது. போன வருசம் ஒரு தங்கச்சி இரட்டைக் குவளைப் படம் ஒன்று கொண்டு வந்துச்சு. டீக்கடையில் பயந்துகொண்டே எடுத்த படம். கண்ணாடி டம்ளரும் பிளாஸ்டிக் டம்ளரும் பக்கத்தில் பக்கத்தில், பின்னால் எல்லாம் பஞ்சாகக் கலங்கி அழகாக இருந்தது. தட்டினோம், நானும் தட்டினேன். பிறகு மனுவோடு அந்தப் படத்தை இணைத்துக் கொண்டுபோனோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ரெண்டு டம்ளர் தெரியுது, அதுக்கென்ன?” என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தில்தான் கேட்டார், சந்தேகமில்லை. ஆனால் கேள்விக்குப் பதில் படத்தில் இல்லை. கடைப் பலகை இல்லை. யார் எதில் குடிக்கிறார்கள் என்பது இல்லை. ‘நாலு அடி பின்னால வந்து இன்னொண்ணு எடும்மா’ என்று நம்மில் ஒருத்தர் அன்றைக்குச் சொல்லியிருந்தால், அதற்குள் கடைக்காரர் டம்ளர்களை மாற்றும் முன்பே ஒரு படம் கிடைத்திருக்கும். மனசு நோகுமே என்று விட்டுவிட்டோம். தாழ்த்தப்பட்ட பிள்ளை எடுத்த படம், இதுவே பெரிசு என்கிற எண்ணம் நமக்குள்ளும் இருக்கிறது. கோட்டாவில் வந்தவன் என்று நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் காதுபட முனகினவர்களின் எண்ணத்துக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்?

இப்படிச் சொன்னதும், அப்படியென்றால் நம் படமெல்லாம் மனுவோடு இணைக்கத்தானா என்று ஒரு தம்பி முகத்தைச் சுளிக்கிறார். நியாயம். குளிச்சிட்டு வந்த பெறகு எடுக்கக் கூடாதா என்று கேட்ட அத்தையை நான் மறக்கவில்லை. 1876 முதல் 78 வரை தாது வருசப் பஞ்சத்தில் ஹூப்பர் என்ற பட்டாள அதிகாரி, எலும்பும் தோலுமான நம் சனங்களைக் கூட்டம் கூட்டமாக உட்காரவைத்து எடுத்தார். அப்போதிருந்து நம்மைப் பொடியோடும் புண்ணோடும் எடுத்த படங்கள் போதுமான அளவு இருக்கின்றன. வாடிப்பட்டி ஜெய்சிங் நாகேஸ்வரன் 2020 ஊரடங்கில் சொந்த வீட்டுக்குள் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். மதுரைக்காரர் பழனிக்குமார், 2017-இல் வந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்குக் கேமரா பிடித்தவர், மீன் விற்கும் தன் அம்மாவை வருசக்கணக்காக எடுத்தார். துப்புரவுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளிடம் கேமராவைக் கொடுத்து எடுக்கவும் சொல்லித் தருகிறார். எடுக்கப்படுகிறவர்களே எடுக்க ஆரம்பித்தால் கருத்துச் சொல்லும் பேச்சும் வேறாகத்தான் இருக்கும்.

அத்தை கேட்டபடி இன்னொரு படமும் எடுத்தேன். மாமா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பேத்தியை மடியில் வைத்துக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். சட்டைப் பையில் பேனா வேறு. அவருக்கு எழுதத் தெரியாது, வைக்கச் சொன்னது அத்தை. குழுவில் போட்டேன். “இது வெறும் ஸ்டுடியோ படம்ங்க” என்றார் ஸ்டுடியோக்காரரே. இந்தத் தடவை சட்டத்தை மீறி வாயைத் திறந்து, இது அத்தை எடுக்கச் சொன்ன படம் என்றேன். யாரும் பதில் சொல்லவில்லை, அடுத்த படத்துக்குப் போய்விட்டார்கள். மாமா வீட்டுச் சுவரில் அதுதான் தொங்குகிறது.

குழுவை நான் விட்டுவிடவில்லை. இன்னும் போகிறேன். போகாதே என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். வெளிச்சம் பற்றி அவர்களிடம் கற்றுக்கொள்ள இன்னும் இருக்கிறது, வாளி பற்றி அவர்களுக்குச் சொல்லவும் இருக்கிறது.

எனக்குக் கடைசி பஸ் ஒன்பதரைக்கு. சுவரில் நீங்கள் மாட்டியிருக்கிற படங்களுக்கு வருவோம். வாசல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கலாம். முதல் படத்தில் சரம் பின்னுகிற அக்கா இங்கேதான் உட்கார்ந்திருக்காங்க. எடுத்த தம்பி வாய் திறக்கக் கூடாது. நானும் அப்புறம் சொல்கிறேன். அக்கா, நீங்க சொல்லுங்க, இதுல உங்களுக்கு என்ன சரியில்ல?