கோதுமை விலக்கிய அடுக்களை

(திருவிழா மகளிர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



34 ஆண்டுகள் தமிழாசிரியையாகப் பணியாற்றிய ஒருத்தியை இத்தகைய அரங்கிற்கு அழைத்தால், சீவக சிந்தாமணியைப் பற்றியோ நீலகேசியைப் பற்றியோ பேசுவாள் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் காப்பியம் அன்று. அடுக்களை அலமாரியில் இருக்கும் ஒரு பெருங்காய டப்பா. அதனிடம் நான் கற்ற பாடத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டியது என் கடமை என்று கருதுகிறேன்.

என் பெயர்த்திக்கு அப்பொழுது எட்டு வயது. வயதுக்குரிய உயரம் இல்லை. உண்டபின் வயிறு உப்பும், அடிக்கடி வயிற்றுப்போக்கு, முகம் வெளிறியிருக்கும். இரும்புச்சத்து மருந்து புட்டி புட்டியாகக் கொடுத்தும் குருதிச் சோகை நீங்கவில்லை. "சரியாகச் சாப்பிடாத பிள்ளை" என்று நாங்களே அவளைக் கடிந்துகொண்டோம். இறுதியில் ஒரு மருத்துவர் குருதிப் பரிசோதனையும் உள்நோக்கிப் பரிசோதனையும் செய்து, அவளுக்கு இருப்பது சீலியாக் நோய் என்று உறுதிசெய்தார்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் புரதம் உண்டு. சப்பாத்தி மாவை இழுபடச் செய்வது அதுவே. இந்நோய் உடையவர் அதனை உண்டால், உடலின் காப்புப் படையே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்குகிறது. உணவை உறிஞ்சும் நுண்விரல்கள் தேய்ந்துபோகின்றன. உண்டது உடலில் சேர்வதில்லை. நெதர்லாந்தில் 1944-45ஆம் ஆண்டுக் குளிர்காலப் பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காதுபோன காலத்தில் இந்நோயுற்ற குழந்தைகள் தேறியதையும், ரொட்டி மீண்டும் வந்ததும் நலிந்ததையும் கண்டவர் வில்லம் டிக்கே என்னும் குழந்தை மருத்துவர். அதற்கு முன்பே கோதுமையை ஐயுற்றிருந்த அவர், பின்னர் அதனை ஆய்ந்து நிறுவினார். இதற்கு இன்றும் மருந்து, உணவுதான். வாழ்நாள் முழுவதும் குளூட்டன் அற்ற உணவு.

இதனைக் கேட்டதும் எனக்குப் பெரிய அச்சம் எழவில்லை. நாம் அரிசி உண்ணும் குடியினர். சப்பாத்தி, ரவை, சேமியா, மைதா, ரொட்டி, பிஸ்கட் ஆகியவற்றை வீட்டிலிருந்தே அகற்றினோம். பார்லி கலந்த சத்துமாவுப் பானத்தையும் நிறுத்தினோம். குழந்தை ஓரளவு தேறினாள். ஆயினும் வயிற்றுவலி விட்டபாடில்லை. ஓராண்டு கழித்து எடுத்த குருதிப் பரிசோதனையிலும் எதிர்பார்த்த அளவு இறக்கம் இல்லை.

உணவியல் வல்லுநர் ஒருவர், "வீட்டில் உள்ள டப்பாக்களையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள்" என்றார். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தவர், பெருங்காய டப்பாவை என் கையில் கொடுத்து, "அம்மா, இதைப் படியுங்கள்" என்றார். பொடி எழுத்தில் மூன்று பொருள்கள் அச்சிடப்பட்டிருந்தன: கோதுமை மாவு, கருவேலம் பிசின், பெருங்காயம்.

நன்னூல் நூற்பாக்களை எழுத்தெண்ணி விளக்கிய நான், அன்றாடம் கையில் எடுக்கும் டப்பாவின் பின்புறத்தை ஒருநாளும் படித்ததில்லை. வெங்காயமும் பூண்டும் சேர்க்காத அடுக்களை எங்களுடையது. ஆகவே சாம்பார், இரசம், மோர், துவையல் என்று எல்லாவற்றிலும் பெருங்காயத்தைச் சற்றுத் தாராளமாகவே போடுவேன். குழந்தை தேற வேண்டும் என்று நான் பார்த்துப் பார்த்துச் செய்த இரசத்தில், என் கையாலேயே நாள்தோறும் கோதுமையைக் கலந்திருக்கிறேன். அன்று வீடு திரும்பும் வழியில் என்னால் பேச இயலவில்லை. என் மருமகள்தான், "அத்தை, தெரியாமல் நடந்தது. இனித் தெரிந்து நடப்போம்" என்று தேற்றினாள்.

பெருங்காயம் ஈரான், ஆப்கானிஸ்தான் பகுதிகளில் விளையும் ஒரு செடியின் பால். அதன் காரமும் மணமும் கடுமையானவை. ஆதலால் மாவும் பிசினும் கலந்தே பெரும்பாலும் கடைக்கு வருகிறது. தூளாயினும் கட்டியாயினும் இதுவே நிலை. அரிசி மாவு கலந்த பெருங்காயமும் கிடைக்கிறது; படித்துப் பார்த்து வாங்க வேண்டும். கிடைக்காத நாளில் சீரகம், மிளகு, சுக்கு போதும். இரசம் குறைபடுவதில்லை.

இரண்டாவது பிழை மாவு மில்லில் நேர்ந்தது. கேழ்வரகில் குளூட்டன் இல்லை. ஆனால் நமக்கு முன்னர் வந்தவர் கோதுமை அரைத்திருப்பார். அந்த எந்திரத்தில் தங்கிய மாவு நம் கேழ்வரகோடு சேர்ந்து வந்துவிடும். ஆகவே இப்பொழுது தானியத்தை முழுதாக வாங்கி, முறத்தில் புடைத்து, பிற தானியம் கலந்திருப்பின் பொறுக்கி, கழுவி, துணியில் உலர்த்தி, வீட்டு மிக்சியிலேயே அரைத்துச் சலிக்கிறோம். கடலை மாவும் அவ்வாறே. கோதுமை மாவு சலித்த பழைய சல்லடையை இதற்குப் பயன்படுத்துவதில்லை. எவ்வளவு தட்டினாலும் அதன் கண்களில் மாவு ஒட்டியிருக்கும்.

கடையில் பொருள் வாங்குவோர்க்குச் சில சொல்ல விழைகிறேன். பொட்டலத்தில் வரும் பொருளில் குளூட்டன் உள்ள தானியம் இருந்தால் அதனை ஒவ்வாமைக் குறிப்பாக அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மிகாமல் குளூட்டன் இருந்தால் மட்டுமே "குளூட்டன் இல்லாதது" என்று எழுதலாம். சில்லறையாக நிறுத்துத் தரும் பொருளுக்கு இக்காப்பு இல்லை. அரிசிச் சேமியா என்று கேட்டு வாங்கினாலும் மைதா கலந்துள்ளதா என்று பாருங்கள். மசாலாப் பொடி, அப்பளம், ஊறுகாய் ஆகியவற்றில் பெருங்காயம் இருக்கும் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். ஓட்ஸ் பெரும்பாலும் கோதுமையோடு கலந்தே வருவதால் மருத்துவரைக் கேளாமல் வாங்காதீர்கள். விலை மிகுந்த குளூட்டன் இல்லாத ரொட்டிகளிலும் கலவை மாவுகளிலும் உருளைக்கிழங்கு மாவோ மரவள்ளி மாவோ முட்டையோ சேர்ந்திருப்பது உண்டு. கிழங்கு விலக்கும் நம் இல்லங்களுக்கு அவை பொருந்தா. நமக்கு எளியது வீட்டுச் சமையலே.

எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்கிறேன். காலையில் இட்லி, இடியாப்பம், புட்டு, வெண்பொங்கல் இவற்றுள் ஒன்று. நண்பகலில் சோறு. கதிரவன் மறையுமுன் உண்ண வேண்டிய மாலை உணவுதான் முன்பு இடர்ப்பாடாக இருந்தது; அவசரத்துக்கு ரவை உப்புமாவே கைகொடுக்கும். அதன் இடத்தில் இன்று குதிரைவாலி உப்புமா. ஒரு குவளை அரிசிக்கு இரண்டு குவளை நீர். கடுகு, உளுத்தம்பருப்பு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, நீர் கொதித்ததும் கழுவிய அரிசியை இட்டு, மூடிச் சிறு தீயில் வேகவிட்டால் உதிரியாக வரும்.

கேழ்வரகு அடைக்கு ஒரு நுட்பம் உண்டு. இழுவைத் தரும் குளூட்டன் இல்லாததால் தண்ணீரில் பிசைந்தால் மாவு விண்டுபோகும். கொதிக்கும் நீரைச் சிறிது சிறிதாக ஊற்றி, கரண்டிக் காம்பால் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிசைந்தால் மாவு தானே பிடித்துக்கொள்ளும். முருங்கைக்கீரையும் தேங்காய்த் துருவலும் சேர்த்து, எண்ணெய் தடவிய வாழையிலையில் தட்டிக் கல்லில் இடலாம். கம்பு, சோளம் ஆகியவற்றுக்கும் இம்முறை பொருந்தும். இனிப்புக்குச் சர்க்கரைப் பொங்கல், பாசிப்பருப்புப் பாயசம், அதிரசம், கொழுக்கட்டை இருக்க, சேமியாவையும் கேசரியையும் எண்ணி ஏங்குவானேன்?

வீட்டில் மற்றவர் கோதுமை உண்பதாயின், அக்குழந்தைக்கு உரிய தோசைக்கல், கரண்டி, சல்லடை ஆகியவற்றைத் தனியே வையுங்கள். அவள் உணவை முதலில் சமைத்து மூடிவையுங்கள். பூரி பொரித்த எண்ணெயில் அவளுக்கு வடை சுடாதீர்கள்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. கோதுமை எல்லார்க்கும் தீங்கன்று. நோயில்லாதவர் அதனை விலக்க வேண்டியதில்லை. ஐயம் இருப்பின், பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் பரிசோதனையில் நோய் புலப்படாமற் போகலாம். ஒருவர்க்கு நோய் உறுதியானால், உடன்பிறந்தாரையும் பெற்றோரையும் பரிசோதிப்பது நன்று.

தாய்மார்களே, தண்ணீரை வடிகட்டிப் பருகுவதும், தானியத்தில் சிற்றுயிர் உளதா என்று பார்த்துப் பொறுக்குவதும், மாவைச் சலித்தபின் ஆள்வதும் நமக்குப் புதியன அல்ல. சிற்றுயிர்க்கு ஊறு நேராமல் காக்க நம் முன்னோர் பழக்கிய கண் அது. அந்தக் கண்ணை டப்பாவின் பின்புறத்துக்கும் சற்றுத் திருப்புங்கள் என்பதே என் வேண்டுகோள். நம் வீட்டுக் குழந்தையும் ஓர் உயிர்தானே!

அறக்கட்டளைக்கும் ஒரு விண்ணப்பம். சென்ற விழாவில் எல்லாரும் பந்தியில் அமர்ந்திருக்க, என் பெயர்த்தி வீட்டிலிருந்து கொண்டுவந்த தூக்கைத் திறந்து, தூண் ஓரமாகத் தனியே அமர்ந்து உண்டாள். புளியோதரைதானே, கொடுக்கலாமே என்று அன்போடு எடுத்துவந்தார் ஒருவர். "பெருங்காயம் என்ன பெருங்காயம்?" என்று கேட்டேன். அவரால் சொல்ல இயலவில்லை; அது அவர் குற்றமும் அன்று. அடுத்த பந்தியில், பெருங்காயமோ ரவையோ மைதாவோ சேராத ஒரு சோறும் ஓர் இனிப்பும் தனிக் கரண்டியோடு இருக்கட்டும். எந்த உணவில் என்ன சேர்ந்திருக்கிறது என்று ஒரு பலகையில் எழுதிவைக்கட்டும். எழுதும் பொறுப்பை நானே ஏற்கிறேன்.

இன்று அவளுக்குப் பதினோரு வயது. வயிற்றுவலி இல்லை, வகுப்பில் உயரமானவர்களின் வரிசைக்கு நகர்ந்துவிட்டாள். கடைக்குச் சென்றால் பொட்டலத்தைத் திருப்பிப் படிப்பவள் அவளே. "பாட்டி, இது வேண்டாம்" என்று அவள் திரும்ப வைக்கும்பொழுது, நான் கற்பித்த தமிழ் அவளைக் காக்கிறது என்று மகிழ்கிறேன்.