தீவனத்தை அளக்க ஒரு பொதுப் படி



தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ வாழும் தமிழர் இல்லங்களில் பொழுது காப்பியோடுதான் புலர்கிறது. அந்தக் காப்பிக்குப் பால் தந்த எருமை எதைத் தின்றது, அத்தீவனம் எந்நிலத்தில் விளைந்தது, அதனை விளைவித்ததால் காற்றுக்கும் மண்ணுக்கும் நீருக்கும் நேர்ந்த கேடு எவ்வளவு என்று நாம் கேட்பதில்லை. உலகில் பலர் இன்று கேட்கிறார்கள். இதற்கு விடை காணச் சந்தையில் ஒருவரோடொருவர் போட்டியிடும் தீவன உற்பத்தியாளர்களே ஒன்றுகூடி உழைத்து வருவதைப் பற்றிச் சில சொல்ல விழைகிறேன்.

மனிதர் செயலால் வானில் சேரும் வெப்பவாயுக்களில் கால்நடைகளின் பங்கு நூற்றுக்குப் பதினெட்டு என்று ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2006-இல் கூறிற்று. 2013-இல் அதே நிறுவனம் பதினான்கரை என்றது. 2023-இல் ஏறத்தாழப் பன்னிரண்டு என்றது. உலகில் மாடுகள் குறைந்துவிட்டனவா? இல்லை. கணக்கிடும் முறையும், கிடைத்த விவரங்களுமே பெரிதும் மாறின. 2013-ஆம் ஆண்டின் கணக்குப்படி, கால்நடைத் தொழிலின் வெப்பவாயுக்களில் நூற்றுக்கு 45 பங்கு தீவனத்தை விளைவிப்பதிலும் பக்குவப்படுத்துவதிலும் எழுவது. 39 பங்கு அசைபோடும் பிராணிகளின் வயிற்றிலிருந்து எழும் மீதேன் வாயு. ஆகவே, தீவனத்தை அளக்காமல் பாலையோ முட்டையையோ அளக்க இயலாது.

அளவு ஒன்றாக இல்லாவிடில் என்ன நேரும் என்பதை நம் நாடு நன்கறியும். முற்காலத்தில் படியும் சேரும் ஊருக்கு ஊர் வேறுபட்டன. 1956-இல் சட்டம் இயற்றி, 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடைகளைப் படிப்படியாகக் கொணர்ந்த பின்னரே அக்குழப்பம் தீர்ந்தது. தீவனத்தின் சுற்றுச்சூழல் கணக்கும் அத்தகைய பொதுப் படி ஒன்றை வேண்டி நிற்கிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். நூறு கிலோ சோயாவை ஆலையிலிட்டால் ஏறத்தாழப் பதினெட்டு கிலோ எண்ணெயும் எண்பது கிலோ பிண்ணாக்கும் கிடைக்கும். அச்சோயாவை விளைவிக்கச் செலவான உரம், நீர், எரிபொருள் ஆகியவற்றின் சுமையை இவ்விரண்டுக்கும் எவ்வாறு பங்கிடுவது? எடைப்படி பங்கிட்டால் பிண்ணாக்கின் தலையில் நூற்றுக்கு 82 பங்கு விழும். எண்ணெய் மும்மடங்கு விலையுடையது என்று கொண்டு விலைப்படி பங்கிட்டால், அது 60 ஆகக் குறையும். பொருள் ஒன்று, ஆலை ஒன்று, கணக்கு மட்டும் இரண்டு! தனக்கு உகந்த முறையை ஒவ்வொருவரும் தெரிந்தெடுத்தால் அவ்வளவையை எவர் நம்புவார்? காட்டை அழித்து விளைவித்த சோயா என்றால், அவ்வழிவின் சுமையை இருபது ஆண்டு விளைச்சலின்மீது பரப்பிக் கணக்கிடும் வழக்கமும் உண்டு. இவ்விதிகளையெல்லாம் ஒரு நிறுவனம் தனித்து வகுக்க முடியாது.

இக்காரணம் பற்றியே 2012-இல் உணவு வேளாண்மை நிறுவனத்தின் ஆதரவில் அரசாங்கங்களும் தொழில்துறையினரும் பொதுநல அமைப்புகளும் கூடிய ஒரு கூட்டமைப்பு தோன்றியது. தீவனத்தை அளக்கும் நெறிமுறைகளை அது வகுத்தது. ஐரோப்பியத் தீவன உற்பத்தியாளர் சம்மேளனம் முன்னின்று உழைத்த விதிகளை ஐரோப்பிய ஆணையம் 2018-இல் ஏற்றது. அச்சம்மேளனமும் அமெரிக்கத் தீவனத் தொழிற்சங்கமும் சர்வதேசத் தீவனத் தொழிற்சம்மேளனமும் பிறரும் சேர்ந்து, ஒவ்வொரு தீவனப் பொருளுக்கும் உரிய விவரங்களைத் தொகுக்கும் உலகளாவிய நிலையம் ஒன்றை உருவாக்கியுள்ளனர். மக்காச்சோளத்தை ஒரு நாட்டிலும் பிண்ணாக்கை மற்றொரு நாட்டிலும் வாங்கிக் கலப்பவருக்கு இத்தொகுப்பு பெருந்துணையாகும்.

இதில் நமக்கு என்ன என்று கேட்கலாம். நம் நாட்டு மாடுகள் பெரும்பாலும் தின்பவை நெல் வைக்கோல், வடநாட்டில் பூஸா எனப்படும் கோதுமை வைக்கோல், தவிடு, பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு முதலியன. மனிதர் உணவுக்கும் உடைக்கும் விளைந்தவற்றின் மிச்சம் இவை. இவற்றை நம் வயல்களிலேயே அளந்து பதியாவிடில், பிற நாட்டுப் பண்ணைகளின் சராசரியே நம் உழவர் தலையிலும் சுமத்தப்படும். அதே வேளையில், வைக்கோலையே பெரிதும் நம்பும் மாடு குறைவாகப் பால் கறப்பதால், ஒரு லிட்டர் பாலுக்கு எழும் மீதேன் மிகுதி என்பதையும் மறைக்கலாகாது. 1965-இல் ஆனந்த் நகரில் அமைந்த தேசியப் பால்வள வாரியம், உள்ளூரில் கிடைக்கும் தீவனங்களையே சரிவிகிதத்தில் கலந்து கொடுக்க 18 மாநிலங்களின் கிராமங்களில் உழவர்களுக்கு வழிகாட்டியது. செலவும் மீதேனும் ஒருங்கே குறையும் வழி அது. அளந்தால்தான் இத்தகைய வழி புலப்படும்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். விற்பவனே தராசைப் பிடிக்கும்போது வாங்குபவன் முள்ளைக் கவனிக்க வேண்டும். தொழில்துறையினர் தொகுக்கும் கணக்கைச் சார்பற்ற அறிஞர் சோதிக்க வேண்டும்; எம்முறையில் பங்கிட்டார்கள் என்பது வெளிப்படையாக இருத்தல் வேண்டும். விதி வகுக்கும் அவையில், இரண்டு மாடு வைத்துப் பிழைக்கும் உழவர் சார்பிலும் ஒரு குரல் ஒலிக்க வேண்டும். அக்குரல் ஒலிக்கும் வரையில் அந்தப் படி பொதுப் படி ஆகாது.