இரண்டு டின்கள்

தோட்டத்தில் வடை, பலகாரம் விற்றுக் குடும்பத்துக்குக் கைகொடுக்கும் தாய்மார்கள் பலர். வியாபாரம் தினமும் நடக்கிறது. ஆனால் மாதக் கடைசியில் மாவு வாங்கப் பணமில்லை. ஏன்? கணக்குப் பார்ப்போம்.

மாவு, எண்ணெய், கேஸ் எல்லாம் சேர்த்து 40 வெள்ளி செலவு. 60 வெள்ளிக்கு விற்பனை. இலாபம் 20 வெள்ளிதான். மற்ற 40 வெள்ளி நாளைக்கு வாங்க வேண்டிய மாவு. ஐந்து வீட்டார் ஆளுக்கு 5 வெள்ளி கடன் சொன்னால், இலாபம் முழுவதும் போய், முதலிலும் 5 வெள்ளி குறைந்துவிடும்.

இதற்கு இரண்டு டின்கள் போதும். ஒன்று கடைக்கு, ஒன்று வீட்டுக்கு. இரவில் கணக்கு முடித்ததும், முதலில் 40 வெள்ளியைக் கடை டின்னில் போடுவோம். மிச்சம்தான் வீட்டுக்கு. நம் பிள்ளைகள் தின்னும் வடைக்கும் வீட்டு டின்னிலிருந்து காசு போடுவோம்.

அக்கம்பக்கத்தாருக்குக் கடன் இல்லை என்று சொல்வது கடினம். ஆகவே பெயர், தேதி, தொகை மூன்றையும் அவர்கள் முன்னாலேயே எழுதுவோம். சம்பள நாளில் பழைய பாக்கி தீர்ந்த பிறகே புதிய கடன். கணக்கெழுதும் வேலையைப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுக்கலாம். அதற்கும் கணக்குப் பாடம் வரும்.

சிறு காசு என்று நினைக்க வேண்டாம். 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தைக் கொண்டே தோட்டங்களை வாங்கியது. இன்றிரவே இரண்டு டின்களை எடுத்து வைப்போம்.