அடியின் நீளமும் திரையின் அகலமும்



புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலையில் புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஏழாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் அது, ஏழு பகுதிகளாக, நந்நான்கு சுரங்கள் கொண்ட தொகுதிகளாய்ப் பொறிக்கப்பட்டது. சுரத்துக்கு ஓரெழுத்து என்றமையால், எண்ணிக்கையைக் கொண்டே பாறைப் பரப்பைப் பங்கிடச் சிற்பிக்கு இயன்றிருக்கும். தமிழ்க் கவிதை ஒன்றைக் கணினித் திரையில் படமாக வரைய முற்படுவோர்க்கு அந்த வசதி இல்லை.

வலைப்பக்கத்து உரைப்பத்தியை உலாவி தானே மடித்துக்கொள்ளும். கேன்வாஸ் என்னும் வரைபரப்பில் எழுதினால் மடிக்காது. வரி எங்கே முடிய வேண்டும் என்பதை ஜாவாஸ்கிரிப்டில் நிரல் எழுதுபவரே அளந்து சொல்ல வேண்டும். அளவு பிழைத்தால் அடி உடைகிறது. ஈற்றுச் சீர் அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. உரைநடைக்கு இது அழகுக் குறை மட்டுமே. பாவுக்கோ யாப்பே குலைந்து தோன்றும்.

யாப்பறிந்தோர் மாத்திரையைக் கொண்டு அளக்கலாமே எனலாம். மாத்திரை செவியின் அளவு. கண்ணுக்கு அது உதவாது. 'கி' ஒரு மாத்திரை, 'கீ' இரண்டு. திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தைக் கொள்கின்றன. 'கொ' குறில்தான்; ஆனால் கொம்பும் ககரமும் காலுமாக மூன்று உருவங்களின் இடத்தை அடைத்துக்கொள்கிறது.

எழுத்தை எண்ணினால்? 'புதுக்கோட்டை' என்பதில் இலக்கணப்படி 6 எழுத்துகள். ஜாவாஸ்கிரிப்டின் லெங்த் என்னும் பண்பு 12 என்று விடை தரும். யூனிகோடு முறையில் மெய்யுருவும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகளாகப் பதிவாவதே காரணம். இந்த 12இல் ஏதேனும் ஓரிடத்தில் வரியை வெட்டும் நிரல், ககரத்தை ஒரு வரியிலும் ஓகாரக் குறியை அடுத்த வரியிலும் விட்டுவிடும். குறிகளைத் தனித்தனியே அளந்து கூட்டுவதும் பயனற்றது: மெய்யைப் பிரிந்த உயிர்க்குறியின் பக்கத்தில் உலாவி ஒரு புள்ளிவட்டத்தை வரைந்துவிடும், அந்த வட்டத்தின் அகலமும் கணக்கில் ஏறும்! ஆங்கிலத்தை மட்டும் மனத்திற்கொண்டு எழுதப்பட்ட நிரல்களில் இக்குறை மலிந்திருப்பதில் வியப்பில்லை.

ஆகவே முழு அடியையும் ஒன்றாக மெஷர்டெக்ஸ்ட் என்னும் செயற்கூறிடம் கொடுத்து அகலத்தைக் கேட்பதே முறை. எஸ்விஜி வரைபடங்களில் இதே பணியைச் செய்யும் வேறொரு செயற்கூறு உண்டு. அடியை மடித்தே தீரவேண்டுமெனில் சீர்களுக்கு இடையில் மட்டும் மடிக்கலாம். எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் தேவை நேர்ந்தால் செக்மென்டர் என்னும் கருவி 'புதுக்கோட்டை'யை ஆறாகவே பிரித்துத் தரும். 2024 முதல் அது பெரிய உலாவிகள் அனைத்திலும் கிடைக்கிறது.

எழுத்துரு வேறுபட்டால் அகலமும் வேறுபடும். 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தால் ணை, லை முதலியன ஒரே உருவாய் இருந்த நிலை மாறி இரண்டிரண்டு உருவங்களாயின. ஒரே சொல்லே அச்சில் வேறு இடம் கொண்டது. திரையிலும் இத்தகைய மாற்றம் நிகழும். வேண்டிய எழுத்துரு இணையத்திலிருந்து வந்து சேருமுன் அளந்தால், கிடைப்பது அதற்கு மாற்றாக நின்ற எழுத்துருவின் அகலம். எழுத்துரு வந்தபின் அளக்குமாறு நிரலில் சொல்லிவைக்க வேண்டும்.

அடியை உடைக்காமலே பொருத்தவும் வழியுண்டு. ஓரம் போக 600 புள்ளி அகலமுள்ள படத்தில், கவிதையின் மிக நீண்ட அடி 40 என்னும் எழுத்தளவில் 750 புள்ளி வருகிறது என்க. 600ஐ 750ஆல் வகுத்து 40ஆல் பெருக்கினால் 32 கிடைக்கும். எல்லா அடிகளையும் 32இல் எழுதலாம். செயற்கூறு சொல்லும் அகலம் எழுதுகோல் நகரும் தூரமே. சில எழுத்துருக்களில் சுழி அதற்கு வெளியேயும் சற்று நீளுமாதலால், ஓரத்தைச் சிறிது தாராளமாகவே விடுவது நல்லது.