கூரை ஒழுகினால் ஏறுவது யார்?
மட்டக்களப்பு வாவிக்கரைச் சோடிகளும் எமது லயத்துச் சோடிகளும்

(தோட்ட இளம் குடும்பங்களுக்கான கூட்டத்தில் ஆற்றிய உரை)



வீடு திருத்துவதைப் பற்றிப் பேசும்படி எங்களைக் கேட்டிருக்கிறார்கள். தகரம், ஆணி, சீமெந்து என்று பேசிவிட்டு இறங்கலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி நிற்கிறது. கூரை ஒழுகினால் ஏறுவது யார்? லயத்தில் கேட்டுப் பாருங்க, ஆளுக்கொரு பதில் வரும். "தொரைகிட்ட சொல்லியாச்சு" என்பார் அப்பா. "தோட்டத்து வீடுதானே, நாம எதுக்குக் காசு போடணும்" என்பான் மகன். மருமகள் ஒன்றும் பேசாமல் ஒழுகுகிற இடத்தில் சட்டியைக் கொண்டுபோய் வைப்பாள். மறுநாள் அவள்தான் ஈரப் பாயையும் காய வைக்க வேண்டும், கொழுந்துக்கும் போக வேண்டும்.

இதே கேள்விக்கு வேறு மாதிரிப் பதில் சொல்லுகிற ஊர் ஒன்று தூரத்தில் இல்லை. பதுளையிலிருந்து இறங்கும் பெருந்தெரு பிபிலை, மகாஓயா வழியாகச் செங்கலடியில் போய் முடிகிறது. அங்கிருந்து தெற்கே திரும்பினால் மட்டக்களப்பு. கடலுக்குச் சமாந்தரமாக ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது வாவி. அதற்குக் கிழக்கே, கடல் பக்கம் இருப்பது எழுவான்கரை. மேற்கே வயலும் குளமுமாக இருப்பது படுவான்கரை. சூரியன் எழும் கரை, படும் கரை. மண்முனையில் 2014இல் பாலம் திறக்கும்வரை அந்த இடத்தில் ஓடத்தில் ஏறித்தான் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போகவேண்டும்.

நம்ம பக்கத்தில் "வீட்டோட மாப்பிள்ளை" என்றால் சிரிப்பார்கள். சாராயக்கடையில் ஒருவனைச் சீண்டுவதற்கு அந்தச் சொல் போதும். வாவிக்கரையில் அது சீண்டலே இல்லை, ஏனென்றால் அங்கே எல்லா மாப்பிள்ளையும் அநேகமாக அப்படித்தான். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அந்த வீடு பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்கப்படும். குடி என்று அவர்கள் சொல்லும் வம்சமும் தாய் வழியாகத்தான் வருகிறது. "வயிற்றுவார்" என்று அதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். தமிழர் மட்டுமல்ல, காத்தான்குடி, அக்கரைப்பற்று முஸ்லிம் மக்களிடமும் மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. பழைய முக்குவர் சட்டத்தைப் பற்றி 1876இல் கிறிஸ்தோபர் பிரிட்டோ என்பவர் ஒரு நூலே எழுதினார். அதே ஆண்டு வந்த வாரிசுரிமைச் சட்டத்தோடு அந்தச் சட்டம் போய்விட்டது. வழக்கம் மட்டும் சீதன வீடாக நின்றுகொண்டது.

இப்படியான வளவு ஒன்றில் ஒரு சோடி எப்படி நாளைக் கழிக்கிறது என்று பார்ப்போம். பேர் வேண்டாம், இப்படிப் பல சோடிகள் உண்டு. பெரிய வீடு மூத்த மகளுக்குப் போய்விட்டது. தாய் தகப்பனும் கல்யாணமாகாத தங்கச்சியும் முதலில் கொஞ்சக் காலம் அதே வீட்டில் இருப்பார்கள், ஒரே அடுப்பு. மறுகா (மட்டக்களப்பில் "பிறகு" என்பதற்கு அப்படித்தான் சொல்லுவார்கள்) அதே வளவிலோ பக்கத்துக் காணியிலோ இன்னொரு சின்ன வீட்டைப் போட்டுக்கொண்டு பெரியவர்கள் அங்கே மாறுவார்கள். அந்தச் சின்ன வீடு கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து, நாளைக்குத் தங்கச்சியின் சீதனமாகிவிடும். அதனால் அந்த வளவில் எப்போதும் ஒரு வேலை முடிந்தும் முடியாமலும் கிடக்கும். பாதி எழும்பிய சுவர், தார்ப்பாய் போட்டு மூடிய சீமெந்துப் பை, மரத்தடியில் அடுக்கிய ஓடு.

கூரைக்கு ஏறுவது வந்த மருமகன். அதில் பேச்சே இல்லை. பழைய வீடுகளில் மாமி மருமகனோடு நேருக்கு நேர் அதிகம் பேசமாட்டார். மகளைக் கூப்பிட்டு, "புள்ள, குசினிப் பக்கம் ஓடு விலகிக் கிடக்கு கா" என்பார். திண்ணையில் இருக்கிற மருமகனுக்குக் காது கேட்கும். அவர் ஏணியைத் தேடுவார். வேறு வீட்டுப் பிள்ளைதான், ஆனாலும் நனையப் போவது அவருடைய பிள்ளைகள். அவருடைய மனைவியின் வீடு அது.

கிழக்கில் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கி மார்கழி, தை வரை நிற்கும். வைகாசி முதல் கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில்தான் அவர்கள் வீட்டு வேலை எல்லாம். கிடுகுக் கூரையென்றால் ஓலையை ஊறப்போட்டுப் பெண்கள் பின்னி அடுக்கி வைப்பார்கள். ஒன்றிரண்டு வருசத்துக்கு ஒரு முறை மாற்றாமல் முடியாது. வேயும் அன்றைக்கு மச்சான்மார் வருவார்கள். அவர்களுக்குச் சோறும் மீன்கறியும் வைத்தால் கூலி முடிந்தது. ஓட்டுக் கூரையென்றால் நடுப்பகலில் உள்ளே நின்று மேலே பார்க்க வேண்டும். வெளிச்சம் குத்துகிற இடம் மழைக்கு ஒழுகுகிற இடம். கிணறு இறைத்துச் சேறு எடுப்பதும் தண்ணீர் வற்றியிருக்கும் அந்த மாதங்களில்தான். உப்புக் காற்றுக்கு ஆணி சீக்கிரம் துருவேறும், கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பியும் அப்படியே. கடல் மணலைக் கழுவாமல் குழைத்துக் கட்டியவன் பிறகு தூண் வெடித்ததும் தலையில் கைவைப்பான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு "ஆகா, சீதனம் நல்லது" என்று யாரும் எழும்பிப் போய்விடக் கூடாது. அந்த வீடு வானத்திலிருந்து விழுவதில்லை. இரண்டு மகள் இருந்தால் இரண்டு வீடு. தங்கச்சிக்கு வீடு முடியும்வரை அண்ணன்மார் தங்கள் கல்யாணத்தைத் தள்ளிப்போடுவார்கள், கட்டார், சவூதி என்று போவார்கள். மகன் இல்லாத இடத்தில் தாயே வீட்டு வேலைக்கு மத்திய கிழக்குக்குப் போய், பிள்ளையை அம்மம்மாவிடம் விட்டுவிட்டு, மாதம் மாதம் அனுப்பிய காசில் சுவர் எழும்பும். நமது தோட்டங்களிலிருந்தும் அப்படிப் போன தாய்மார் இந்த மண்டபத்திலேயே இருப்பீர்கள், உங்களுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. வீடு இல்லாததால் கல்யாணம் நின்ற பெண்களும் அங்கே உண்டு. அந்தப் பாரத்தை மலைக்கு ஏற்றுங்கள் என்று நாம் சொல்லவில்லை. நமக்கு வேண்டியது அதில் ஒன்றுதான்: வீடு பெண்ணின் பேரில் இருக்கிறது. புருசன் போரில் போனாலும், கடலில் போனாலும், குடித்துவிட்டு வேறு பாதையில் போனாலும், அவளையும் பிள்ளைகளையும் "வெளியே போ" என்று சொல்ல ஆள் இல்லை. 2009 வரை நடந்த போரில் புருசனை இழந்த வாவிக்கரைப் பெண்கள் பலர் தாய் வளவிலேயே நின்று பிள்ளைகளை வளர்த்தார்கள்.

அந்த உரிமைக்கும் ஆபத்து வந்தது. காற்றும் கடலும் வீட்டை உடைத்தன; உரிமையை அசைத்தது கடதாசி. 1978 நவம்பர் 23 சூறாவளியில் மட்டக்களப்புக் கூரைகள் பறந்தன, தென்னந்தோப்புகள் சரிந்து கிடந்தன. சனங்கள் அதே வளவில், அதே பேரில் திரும்பக் கட்டினார்கள். ஆனால் 2004 டிசம்பர் 26 சுனாமி வேறு மாதிரி. வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு துண்டு மணலாக இருக்கிற நாவலடி போன்ற இடங்கள் துடைத்தெடுக்கப்பட்டன. அங்கிருந்த குடும்பங்களுக்குத் திராய்மடுவில் புதுக் குடியிருப்பு போட்டார்கள். வீடு கொடுக்க வந்தவர்களின் படிவத்தில் "குடும்பத் தலைவர்" என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் ஆணின் பேர் விழுந்தது. அம்மாவின் வீடு, அவளுடைய அம்மாவின் வீடு என்று வந்தது, ஒரு பேனைக் கீறலில் அப்பாவின் வீடாகிவிட்டது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்தார்கள் என்று நாம் சொல்லமாட்டோம். படிவத்தை அடித்தவருக்கு அந்த ஊர் வழக்கம் தெரியாது, அவ்வளவுதான். பெண்கள் அமைப்புகள் இருவர் பேரிலும் எழுதுங்கள் என்று கேட்டுப் போராட வேண்டியதாயிற்று. அரச காணி அனுமதிப் பத்திரத்திலும் இதே கதை. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தில், பின்னுரித்து எழுதாமல் ஒருவர் இறந்தால் பிள்ளைகளில் ஆணுக்கே முதலிடம் என்று அட்டவணை இருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் வந்த பிறகுதான் ஆண் பெண் என்ற வித்தியாசம் போனது. எண்பத்தேழு வருசம்!

இனி நமது லயத்துக்கு வருவோம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, முன்னால் இஸ்தோப்பு. மகனுக்குக் கல்யாணம் முடிந்ததும் நடுவில் ஒரு சேலையைக் கட்டி மறைத்து, அதுதான் புதுச் சோடியின் அறை. பெரியவர்கள் இஸ்தோப்புக்கு வந்துவிடுவார்கள். பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் மனசு மட்டக்களப்பாருக்கு இருப்பது போலவே நமக்கும் இருக்கிறது, இடந்தான் இல்லை. காம்பரா வேலையோடு கட்டுப்பட்டது. அந்த வீட்டில் நமக்கு எழுத்தில் ஒன்றும் கிடையாது. எழுத்தில் இல்லாததற்கு யார் கூரை ஏறுவான்? மகனைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆனால் இப்போது நிலைமை மெல்ல மாறுகிறது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அதற்குப் பிறகு ஏழு பேர்ச் காணியில் தனிவீடு என்ற பேச்சு வேலையாகத் தொடங்கியது. இந்திய உதவியில் 4,000 வீடுகளும், 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த மேலும் 10,000 வீடுகளும் அந்தக் கணக்கில் வருகின்றன. ஏழு பேர்ச் என்பது ஏறக்குறைய 1,900 சதுர அடி. சில குடும்பங்களுக்கு உறுதி கைக்கு வந்திருக்கிறது, பல குடும்பங்களுக்கு இன்னும் வரவில்லை. 2025 நவம்பரில் கிழக்குக் கரையால் புகுந்த திட்வா புயல் அந்தக் கரையோடு நிற்காமல் பதுளை, நுவரெலியா, கண்டி மலைகளையும் சரித்தது. ஆகவே இன்னும் பல குடும்பங்கள் பேர் எழுதும் மேசைக்கு முன்னால் போய் நிற்க வேண்டி வரும்.

அந்த மேசைக்குப் போகும்போது சோடியாகப் போங்க. "குடும்பத் தலைவர்" கட்டத்துக்கு முன்னால் கொஞ்சம் நில்லுங்க. இரண்டு பேர் பேரிலும் எழுத முடியுமா என்று வாய்விட்டுக் கேளுங்க. முடியாது என்றால் ஏன் என்று எழுத்தில் கேளுங்க. கொழுந்துக் கூடை சுமந்து அந்தக் குடும்பத்துக்குச் சம்பளம் கொண்டுவருவது பெண். அவளுடைய பேர் செக்ரோலில் இருக்கிறது, வீட்டு உறுதியில் ஏன் இருக்கக் கூடாது? மாமியார்மாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மருமகள் பேரையும் போட்டால் மகனை இழந்துவிடுவோம் என்று பயப்படாதீங்க. உங்கள் மகளும் எங்கேயோ ஒரு வீட்டில் மருமகள்தான். பெரியவர்கள் எந்த அறையில் இருப்பது என்பதையும் வீடு கட்டும்போதே பேசிக்கொள்ளுங்க. பின்னால் ஓர் அறை இறக்குவதற்கு இடம் விடாமல் ஏழு பேர்ச்சிலும் கோழிக்கூடும் மரக்கறிப் பாத்தியும் போட்டுவிட்டால் அப்பா அம்மா எங்கே போவார்கள்?

உறுதி வரும்வரை லயக் கூரை ஒழுகாமல் இருக்குமா? இருக்காது. அதனால் கைவேலை கொஞ்சம்.

தகரத்துக்கு மேல் கல்லும் மணல் மூட்டையும் வைப்பதை முதலில் நிறுத்துங்க. கல் உருண்டு தகரத்தைத் தேய்த்து ஓட்டை போடும், பெருங்காற்றில் பிள்ளையின் தலையில் விழும். ஆணியை அலையின் மேட்டில் அடிக்க வேண்டும், பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் அந்த ஓட்டையைத்தான் தேடும். றப்பர் வாசர் போட மறக்காதீங்க. காற்று முதலில் தூக்குவது ஓரத்தை, ஆகவே ஓர வரிசையில் ஆணி நெருக்கமாக வரட்டும். கைமரத்தைச் சுவரோடு இரும்புப் பட்டியால் இறுக்கிக் கட்டினால், தகரம் போனாலும் கூரைச் சட்டம் நிற்கும். அஸ்பெஸ்டஸ் தகடாக இருந்தால் அதன் மேல் நேரே கால் வைக்காதீங்க, பலகை போட்டு ஏறுங்க. அறுக்கவோ உடைக்கவோ வேண்டாம். தூள் நெஞ்சுக்குள் போனால் அது வருசக்கணக்கில் இருந்து நோயாக வரும். உடைந்த துண்டை நனைத்துத்தான் எடுக்க வேண்டும், காய்ந்தபடி தும்புத்தடியால் கூட்டக் கூடாது.

எப்போது செய்வது? பதுளைப் பக்கத்தார் மட்டக்களப்பார் மாதிரி ஐப்பசிக்கு முன்னால் முடித்துவிடுங்க, உங்களுக்கும் அந்த மழைதான். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்தாருக்குத் தென்மேற்கு மழை வைகாசியில் இறங்கும். தை, மாசி, பங்குனியை விட்டால் கூரை காயாது.

கூரையைப் பார்க்கிற கண் நிலத்தையும் பார்க்கட்டும். லயத்துக்குப் பின்னால் உள்ள கானை மழைக்கு முன் வெட்டிச் சுத்தமாக்குங்க. மேட்டில் புதிதாக நிலம் வெடித்திருந்தாலோ, மரம் சாய்ந்திருந்தாலோ, பீலித் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, நேற்றுவரை சாத்திய கதவு இன்று இறுகினாலோ, அதற்குச் சீமெந்து பூசிப் பயனில்லை. பிள்ளைகளையும் பெரியவர்களையும் அன்றைக்கே அப்புறப்படுத்திவிட்டுக் கிராம சேவகருக்குச் சொல்லுங்க. மண்சரிவு பார்க்கிற தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் வந்து பார்க்கும்வரை திரும்பிப் போகாதீங்க. பானையும் பாயும் பிறகு எடுக்கலாம்.

எங்கள் பேச்சு இவ்வளவுதான். இனி நீங்க கேளுங்க. பின்வரிசைப் பிள்ளைகள் முதலில் கேட்டால் நல்லது. உறுதிப் படிவம் கையில் வைத்திருப்பவர்கள் அதை இப்படி மேசைக்குக் கொண்டுவாங்க, சேர்ந்து வாசித்துப் பார்ப்போம்.