மாற்றுச் சிறுநீரகமும் மாத மருந்தும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நம்மவர் ஒருவருக்குச் சிறுநீரகம் கெட்டதென்று கேள்வியுற்றவுடன் சங்கத்தில் உண்டியல் வைக்கின்றோம்; இரண சிகிச்சை இனிது முடிந்ததென்று கேட்டவுடன் அதனை எடுத்து உள்ளே வைத்துவிடுகின்றோம். இவ்வழக்கத்தைக் குறித்தே இன்று பேச எழுந்தோம்.

1954-ஆம் ஆண்டில் அமெரிக்க தேசத்துப் பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் மர்ரே என்பார், இரட்டையருள் ஒருவரது சிறுநீரகத்தை மற்றவர்க்குப் பொருத்தி வெற்றி கண்டார். நம் தேசத்தில் 1971-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அது கைகூடிற்று. இன்றோ, முன்னர் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்றிருந்த நம் மதுரைப் பெரியாஸ்பத்திரியிலேயே நடைபெறுகின்றது.

பாஸ்டன் சகோதரர் ஒரே கருவிற் பிரிந்தவராதலின், ஏற்றவர் உடல் அதனை அந்நியமென்று தள்ளவில்லை. நம்மவர்க்கு அப்பாக்கியம் ஏது? பெற்ற தாயே கொடுப்பினும் பிள்ளையின் உடல் அதன்மேற் போர் தொடுக்கும். அப்போரை அடக்கவே டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரட்னிசலோன் முதலிய மாத்திரைகளை, அச்சிறுநீரகம் உழைக்குங் காலமெல்லாம் வேளை தவறாது உண்ணல் வேண்டும். இம்மருந்துகளோ நோய்க்கிருமிகளை எதிர்க்கும் வலியையும் குறைத்துவிடுகின்றன. முன்பு நீரிழிவு இல்லாதார்க்கும் அதனை வருவிக்கக்கூடும். நம் நாட்டில் அஞ்சத்தக்கது காசநோய். அதற்குரிய ரிபாம்பிசின் என்னும் மருந்து இரத்தத்தில் டாக்ரோலிமஸின் அளவைத் தாழ்த்திவிடும்; ஆதலின் சிறுநீரக வைத்தியர் அறியாமல் அதனை உண்டால், காசம் நீங்கச் சிறுநீரகமும் உடன் நீங்கலாம். மருந்துக் கடையிற் கேட்டு வாங்கும் வலி மாத்திரையும் இவர்க்குப் பகையே. நோயாளியைக் காண நாம் பத்துப் பேர் குழந்தை குட்டிகளுடன் சென்று கூடத்தை நிறைப்பதும் அன்பாகலாம், உதவியாகாது.

மேலூர்ப் பக்கத்து நம்மவர் ஒருவர்க்கு மனைவி தம் சிறுநீரகம் ஒன்றை ஈந்தார். இரண்டாண்டு சுகமாயிருந்து வயல் வேலையும் பார்த்தார். பின்னர், உடம்புதான் நன்றாயிருக்கின்றதே என்று மாத்திரையை ஒருவேளை குறைத்தார். இரத்தப் பரீட்சைக்கும் செல்லவில்லை. உடல் தள்ளத் தொடங்குங்கால் பெரும்பாலும் நோவு தோன்றுவதில்லை. கிரியாட்டினின் என்னும் இரத்தக் கணக்கே முதலிற் காட்டும். பஸ் கூலிக்கும் பரீட்சைக்கும் பணமில்லையென்று சொல்ல அவர்க்கு மானம் தடுத்தது. நாமும் கேட்டோமில்லை. கால் வீங்கிய பின்னரே ஓடினோம். இன்று அவர் வாரம் இருமுறை டயாலிசிஸுக்குச் செல்கின்றார். அவ்வம்மையார்க்கோ எஞ்சியது ஒன்றே.

மருந்து தவறாதவருட் பலர் பத்துப் பதினைந்தாண்டுகள் தொழில் செய்து வாழக் காண்கின்றோம். எனவே, அடுத்த மாதம் முதல் உண்டியலை உள்ளே வைக்காது, இத்தகைய குடும்பங்களின் மாதப் பரீட்சைக்கும் வழிச் செலவுக்கும் அதனை ஒதுக்கச் சபையோர் இசைய வேண்டுகின்றோம். வேண்டுவோர் காரியதரிசியிடம் தனித்துத் தெரிவிக்கலாம். பெயர் எவ்விடத்தும் வெளியிடப்படாது. நம் பத்திரிகையிலும் வாராது.