இனங்களின் எண்ணிக்கையும் பன்மையும்

மைசூருவுக்கு அருகே, காவிரித் தீவுத்திட்டுகளான ரங்கனதிட்டு, சாலிம் அலியின் பரிந்துரையால் 1940இல் பறவைகள் சரணாலயமாயிற்று. இத்தகைய இடத்தின் உயிர்வளத்தை அளப்பது எங்ஙனம்?

இரண்டு ஏரிகளை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் 10 இனங்கள், 100 பறவைகள். ஒன்றில் இனத்திற்குப் பத்து. மற்றதில் ஓரினமே 91, ஏனையவை ஒவ்வொன்று. இனப்பட்டியல் இரண்டையும் சமமெனவே காட்டும். 1949இல் சிம்ப்சன் வகுத்த அளவீட்டின் தலைகீழ் மதிப்போ முன்னதற்கு 10. பின்னதற்கு ஏறத்தாழ 1.2. சராசரி வருமானம் வறுமையை மறைப்பது போன்றதே இதுவும்.

அளப்பது அறிஞர் பணி மட்டுமன்று. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி அமையும் உள்ளாட்சிக் குழுக்கள், மக்கள் பதிவேட்டை எழுத வேண்டும் என்பது விதி. மீனவரும் மேய்ப்பரும் அறிந்தவை அதில் ஏறாவிடில், அழிவு கணக்கில் வாராது. கணக்கில் வாராததற்கு எவரும் பொறுப்பேற்பதில்லை. ஆகவே, அப்பதிவேடு உழைப்பாளர் பங்கேற்புடன் எழுதப்படத் தோழர்கள் போராட வேண்டும்.